4 ஜிகாபைட் கோப்பு 2 ஜிகாபைட் நினைவகத்துக்குள் எப்படி நுழைகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஸ்குவிட் ப்ராக்சி ஓடுகிறது; பயனர்களுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, கேட்ட கோப்புகளை வாங்கிக் கொடுத்து, மறுபடி கேட்டால் கொடுக்கப் பிரதி வைத்துக்கொள்ளும் (கேஷ் செய்யும்) மென்பொருள் அது. ‘கேஷ் மெம்’ அமைப்புக்கு 2 ஜிகாபைட் கொடுத்திருக்கிறீர்கள். கேஷுக்கென்று 100 ஜிகாபைட் வட்டும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒருவர் 4 ஜிகாபைட் அளவுள்ள நிறுவல் கோப்பைப் பதிவிறக்குகிறார். அது முழுவதும் நினைவகத்தில் ஏறிய பிறகுதான் அவருக்குப் போகிறதா, அப்படியானால் 2 ஜிகாபைட்டில் எப்படி அடங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: பெரிய பதிவிறக்கம் நடக்கும்போதெல்லாம் சர்வரில் காலி நினைவகம் ஏறத்தாழ பூஜ்யமாகிவிடுகிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இரண்டுக்கும் விடை வேறு.

முதல் கேள்விக்கு விடை, ஏறுவதில்லை என்பதே. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கேஷ் மெம் என்ற பெயரைப் பார்த்து அது ஸ்குவிட் பயன்படுத்தும் மொத்த நினைவகத்துக்கான உச்சவரம்பு என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது மூன்று வகைச் சரக்குக்கு மட்டுமான இடம்: இப்போது வந்துகொண்டிருக்கும் கோப்புகள், அடிக்கடி கேட்கப்படுவதால் நினைவகத்திலேயே வைத்திருக்கும் கோப்புகள், ‘கிடைக்கவில்லை’ போன்ற பிழை விடைகள். இவற்றில் வந்துகொண்டிருப்பவற்றுக்கே முன்னுரிமை. இடம் போதாவிட்டால் மற்ற இரண்டும் வெளியேற்றப்படும். அப்போதும் போதாவிட்டால் ஸ்குவிட் வரம்பை மீறியே இடம் எடுத்துக்கொள்ளும். நெரிசல் குறைந்ததும் திரும்பக் குறைத்துக்கொள்ளும். வட்டில் உள்ள கோப்புகளின் அட்டவணை, இணைப்புகளுக்கான பஃபர்கள் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடங்கள்), பெயர்த் தேடல் விடைகள் ஆகியவை இந்தக் கணக்கிலேயே வராது.

ஒரு கோப்பு எப்படிக் கடந்து போகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்ப்போம். ஸ்குவிட் வரும் தரவை 4 கிலோபைட் துண்டுகளாக வைத்துக்கொள்கிறது. உங்கள் 4 ஜிகாபைட் கோப்பு என்பது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். கோப்பை வைத்திருக்கும் மூல சர்வர் வேகமானது, பயனரின் இணைப்பு மெதுவானது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டுகள் வந்ததுமே பயனருக்கு அனுப்பும் வேலை தொடங்கிவிடும். முழுக் கோப்புக்காக யாரும் காத்திருப்பதில்லை. அனுப்பி முடித்த துண்டுகளையும் உடனே எறிந்துவிடாமல், ‘ஒருவேளை இது சிறிய கோப்பாக இருந்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளத் தகுந்ததாக இருக்கலாம்’ என்று ஸ்குவிட் சேர்த்து வைக்கிறது. நினைவகத்தில் இருக்கும் பகுதி, ஒரு கோப்புக்கான நினைவக வரம்பைத் தாண்டியதும் அந்த ஆசையைக் கைவிடுகிறது. மாற்றாமல் விட்டால் இந்த வரம்பு 512 கிலோபைட். அதன்பின் பயனர் படித்து முடித்த இடம் வரையிலான துண்டுகளைத் தலைப்பக்கத்திலிருந்து விடுவித்துக்கொண்டே போகிறது. ஆகவே பத்து லட்சம் துண்டுகளில் எந்த நேரத்திலும் நினைவகத்தில் இருப்பவை நூற்றுச் சொச்சம்தான்.

பயனர் படிக்கிற வேகத்தைவிட மூல சர்வர் பல மடங்கு வேகமாகக் கொட்டினால் இடைவெளி பெருகாதா? பெருக விடுவதில்லை. பயனருக்கு அனுப்பிய இடத்துக்கும் மூல சர்வரிடமிருந்து வாங்கிய இடத்துக்கும் நடுவில் எவ்வளவு முன்னோடலாம் என்பதற்கு ‘ரீட் அஹெட் கேப்’ என்ற தனி அமைப்பு உண்டு. இயல்பான மதிப்பு 16 கிலோபைட். அதைத் தொட்டதும் ஸ்குவிட் மூல சர்வரின் இணைப்பிலிருந்து படிப்பதை நிறுத்திவிடும். படிக்காததால், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பெறும் பஃபர் நிறையும். அது நிறைந்ததும் டிசிபி நெறிமுறை ‘இப்போதைக்கு இடமில்லை’ என்று எதிர்முனைக்குச் சொல்லும். மூல சர்வர் நின்றுவிடும். பயனர் சற்றுப் படித்ததும் மறுபடி ஓட்டம். கடைமடையில் அடைத்தால் தண்ணீர் பின்னேறித் தலைமதகு வரை தேங்குவது போல, மெதுவான வாசகரின் வேகமே பின்னோக்கிப் போய் மூல சர்வர் வரை எட்டுகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் நினைவகம் வழியாக வாங்கும்போது, மிக மெதுவானவரின் இடத்தை வைத்தே இந்த இடைவெளி அளக்கப்படுவதால், வேகமானவரும் அவரது நடைக்குக் காத்திருக்க நேரும். ‘நல்ல இணைப்பு இருந்தும் திடீரென்று மந்தமாகிறது’ என்ற புகார்கள் சிலவற்றுக்குக் காரணம் இதுவே.

எனவே நினைவகத்தைத் தீர்மானிப்பது கோப்பின் அளவல்ல. இந்த வேக வித்தியாசத்தை யார், எந்த இடத்தில் தாங்குகிறார்கள் என்பதுதான். இதே வேலையைச் செய்யும் எஞ்சின்எக்ஸ், வார்னிஷ் என்ற வேறு இரு மென்பொருள்களோடு ஒப்பிட்டால் இது நன்றாகத் துலங்கும். எஞ்சின்எக்ஸ் கோப்பின் உள்ளடக்கத்தைத் தன் நினைவகத்தில் சேமித்து வைப்பதே கிடையாது. ஓர் இணைப்புக்கு 4 அல்லது 8 கிலோபைட் அளவில் எட்டு பஃபர்கள். அவை நிறைந்தால், பயனர் மெதுவானவரானால், மிச்சத்தை வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதிவைக்கும். இதன் இயல்பான உச்சம் 1024 மெகாபைட். கேஷ் செய்யவே சொல்லாத விடைக்கும் இது நடக்கும் என்பதால், வட்டு ஏன் இப்படி உழைக்கிறது என்று வியப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நினைவகத்தில் அது வைத்திருப்பது கோப்புகளை அடையாளம் காட்டும் சாவிகளை மட்டும். 1 மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 8,000 சாவிகள்.

வார்னிஷ் இதற்கு நேர் எதிர். பொதுவாகப் பயன்படுத்தப்படும் நினைவகக் கிடங்கில் கேஷ் செய்யத்தக்க கோப்பு முழுவதுமே அமர வேண்டும். உங்கள் 4 ஜிகாபைட் கோப்பை 2 ஜிகாபைட் கிடங்கு உள்ள வார்னிஷிடம் கேட்டால், அது பழைய பொருள்களை, அதாவது முன்பு சேமித்த கோப்புகளை, ஒவ்வொன்றாக வெளியேற்றி இடம் தேடும். இயல்பாக ஐம்பது பொருள்கள் வரைதான் அப்படி வெளியேற்றிப் பார்க்கும். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் வாங்கும் வேலை தோற்றுப்போகும். அதற்குள் பயனருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தால் அவர் கையில் கிடைப்பது பாதிக் கோப்பு. கேஷ் செய்யாமல் கடத்தி விடும் பெரிய கோப்புகளோ ‘டிரான்சியன்ட்’ என்ற தனிக் கிடங்கு வழியாகப் போகின்றன. அதற்கு நீங்களாக வரம்பு வைக்காவிட்டால் வரம்பே இல்லை. வேகமான மூல சர்வர், மெதுவான பயனர் என்ற சேர்க்கை அங்கே நினைவகத்தை விழுங்கிவிடும். எனவே யாராவது ‘ப்ராக்சி முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும்’ என்று உங்களிடம் அடித்துச் சொல்லியிருந்தால், அவர் வார்னிஷோடு பழகியவராக இருக்கக்கூடும். அவர் சொன்னது அங்கே சரி.

ஸ்குவிடுக்குத் திரும்புகிறேன். ‘நினைவகம் நிறைய இருக்கிறதே, 512 கிலோபைட் வரம்பை 1 ஜிகாபைட்டாக உயர்த்திவிடலாமா’ என்ற எண்ணம் அடுத்து வரும். வேண்டாம். வட்டில் உள்ள பொருள்களின் சராசரி அளவாக ஸ்குவிட் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்வது 13 கிலோபைட். அந்தக் கணக்கில் 1 ஜிகாபைட் கோப்பு ஒன்று உள்ளே அமர்ந்தால், எண்பதாயிரம் சிறு பொருள்கள் இடம் காலி செய்ய வேண்டும். அந்தப் பெரிய கோப்பை இன்னொருவர் கேட்பார் என்பது உறுதியில்லை. அந்தச் சிறு பொருள்களில் சிலவற்றை அடுத்த நிமிடமே பத்துப் பேர் கேட்பார்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே சொன்னபடி, வரம்பைத் தொடும் வரை ஸ்குவிட் சேர்த்துக்கொண்டே போகும். வரம்பு 1 ஜிகாபைட் என்றால், கடைசியில் வைத்துக்கொள்ளவே போவதில்லை என்ற கோப்பும் அவ்வளவு தூரம் வளர்ந்த பிறகுதான் கழியத் தொடங்கும். ஒரே நேரத்தில் ஐந்து பெரிய பதிவிறக்கங்கள் நடந்தால் உங்கள் 8 ஜிகாபைட்டின் கதி என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஸ்குவிட் 2ஆம் பதிப்பு ஓடிய காலத்தில், புதிதாக வந்த நினைவகத்தை வீணாக்கக் கூடாதென்று இந்த வரம்பை 100 மெகாபைட்டாக உயர்த்தினேன். நினைவகம் தாங்கியது, செயலி (சிபியு) தாங்கவில்லை. அந்தப் பதிப்பில் ஒரு கோப்பின் துண்டுகள் ஒற்றைச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. 80ஆவது மெகாபைட்டில் உள்ள துண்டு வேண்டுமென்றால் முதல் துண்டிலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வர வேண்டும். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதே நடை. கோப்பு இரு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. பத்துப் பேர் ஒரே பெரிய கோப்பை நினைவகத்திலிருந்து வாங்கியபோது செயலி நூறு சதவீதத்தில் உட்கார்ந்துவிட்டது. வட்டிலிருந்து கொடுத்திருந்தால் இதைவிட வேகமாகவே போயிருக்கும். 3ஆம் பதிப்பிலிருந்து துண்டுகளை மர அமைப்பில் வைப்பதால் அந்த நடை போய்விட்டது. ஆனாலும் ‘பெரிய கோப்பு வட்டில், சிறிய கோப்பு நினைவகத்தில்’ என்ற என் பழக்கம் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை.

வட்டைப் பற்றி ஒன்று. வட்டில் வைக்கும் ஒரு கோப்புக்கான அளவு வரம்பு இயல்பாக 4 மெகாபைட். அதை நீங்கள் மாற்றியதாகக் கேள்வியில் சொல்லவில்லை. மாற்றவில்லையென்றால் உங்கள் 4 ஜிகாபைட் கோப்பு நினைவகத்திலும் தங்காது, வட்டிலும் தங்காது. குழாயில் தண்ணீர் போல ஓடி மறைந்துவிடும். அடுத்தவர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து. மாற்றும்போது அமைப்புக் கோப்பில் அந்த வரியை, வட்டுக் கேஷை அறிவிக்கும் வரிக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் பழைய 4 மெகாபைட்டே அந்த வட்டுக்கு ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரு மதிய நேரம் முழுவதையும் இதில் தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இடம் போதாதபோது எதை வெளியேற்றுவது என்ற கொள்கையையும் பார்க்க வேண்டும். ஸ்குவிடில் உள்ள ஜிடிஎஸ்எஃப் முறை சிறியவற்றை அதிகம் காப்பாற்றும். அதனால் கேட்டவற்றில் கேஷிலிருந்தே கிடைப்பவற்றின் எண்ணிக்கை அதிகமாகும். எல்எஃப்யுடிஏ முறை அளவைப் பொருட்படுத்தாமல் அடிக்கடி கேட்கப்படுவதைக் காப்பாற்றும். அதனால் மிச்சமாகும் பைட்டுகள் அதிகமாகும். உங்கள் நோக்கம் இணைய வழித்தடத்தை மிச்சப்படுத்துவது என்றால் வட்டுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

பயனர் பாதியில் ரத்து செய்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். இயல்பான அமைப்பில், 16 கிலோபைட்டுக்கு மேல் மிச்சமிருந்தால் ஸ்குவிட் கைவிட்டுவிடும். 95 சதவீதம் வந்துவிட்டால் முடித்துவிடும் என்று ஒரு விதியும் இருக்கிறது. ஆனால் மிச்சத்தின் உச்சவரம்பே முதலில் பார்க்கப்படுவதால் பெரிய கோப்புக்கு அந்தச் சதவீதம் பயன்படுவதே இல்லை. 4 ஜிகாபைட்டில் 99 சதவீதம் வந்து 40 மெகாபைட் மிச்சமிருக்கும்போது பயனர் ரத்து செய்தால், இழுத்த அத்தனையும் வீண். இதைவிட ஆபத்தானது, கோப்பின் நடுவிலிருந்து ஒரு பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கை. அதை அப்படியே மூல சர்வருக்குக் கடத்திவிடுவது இயல்பான நடத்தை. வரும் விடை கேஷில் சேராது. ‘சேர்ந்தால் நல்லதுதானே’ என்று இதற்கான ‘ரேஞ்ச் ஆஃப்செட்’ வரம்பை நீக்கினால், எந்தப் பகுதியைக் கேட்டாலும் கோப்பைத் தொடக்கத்திலிருந்து இழுக்கத் தொடங்கும். பதிவிறக்க மென்பொருள் ஒன்று ஒரு கோப்பை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எட்டு இணைப்புகளில் கேட்கும். ப்ராக்சி எட்டு முறை முதலிலிருந்து இழுக்கும். நான் பார்த்த ஓரிடத்தில் பயனர்களுக்குப் போனது சொற்பம், வெளி இணைப்போ முழுவதும் நிரம்பியிருந்தது. காரணம் இந்த ஒரே வரி. பெரிய கோப்பைப் பகுதி பகுதியாகக் கேஷ் செய்வதே உங்கள் தேவையென்றால் எஞ்சின்எக்ஸில் 1.9.8 பதிப்பிலிருந்து வந்த ‘ஸ்லைஸ்’ வசதி அதற்கென்றே செய்யப்பட்டது. கோப்பை ஒரே அளவுத் துண்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகச் சேமிக்கும்.

இனி இரண்டாவது கேள்வி, காலி நினைவகம் எங்கே போயிற்று என்பது. பெரும்பாலும் அது எங்கும் போகவில்லை. வட்டில் எழுதுவதையும் வட்டிலிருந்து படிப்பதையும் லினக்ஸ் கெர்னல் காலியாகக் கிடக்கும் நினைவகத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. 4 ஜிகாபைட் கோப்பு வட்டில் எழுதப்பட்டால் அந்தப் பிரதியும் அதற்கேற்ப வளரும். நினைவகக் கணக்கைக் காட்டும் ‘ஃப்ரீ’ கட்டளையில் காலி என்ற பத்தி சுருங்கும். வேறு நிரலுக்குத் தேவைப்பட்டால் கெர்னல் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுத்துவிடும் என்பதால் இது கவலைக்குரியதல்ல. பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்ற பத்தியை. கேஷ் மெம் அளவை மிதமிஞ்சி உயர்த்தக் கூடாது என்பதற்கும் இதுவே வலுவான காரணம்: பெரிய கோப்புகளை வட்டிலிருந்து வேகமாகக் கொடுக்க உதவுவது கெர்னலின் இந்தப் பிரதிதான். ஸ்குவிடுக்கு அள்ளிக் கொடுத்தால் கெர்னலிடமிருந்து பறிக்கிறோம்.

உண்மையாகவே செலவாகும் இடங்களும் உண்டு. 64 பிட் இயந்திரத்தில் வட்டுக் கேஷின் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் அட்டவணைக்காக ஏறத்தாழ 14 மெகாபைட் நினைவகம் போகும் என்பது ஸ்குவிட் திட்டத்தின் நடைமுறைக் கணக்கு. உங்கள் 100 ஜிகாபைட்டுக்கு 1.4 ஜிகாபைட். வட்டில் பெரிய கோப்புகளே அதிகமிருந்தால் எண்ணிக்கை குறையும், அட்டவணையும் சுருங்கும். அடுத்தது கெர்னலின் இணைப்புப் பஃபர்கள். பல லினக்ஸ் அமைப்புகளில் ஓர் இணைப்பின் அனுப்பும் பஃபர் 4 மெகாபைட் வரையும் பெறும் பஃபர் 6 மெகாபைட் வரையும் வளர அனுமதி உண்டு. மெதுவான பயனர்கள் ஆயிரம் பேர் பெரிய கோப்புகளை வாங்கிக்கொண்டிருந்தால், ஸ்குவிட் தன் 16 கிலோபைட் கட்டுப்பாட்டைப் பிடிவாதமாகக் காத்தாலும், கெர்னல் பக்கம் ஜிகாபைட் கணக்கில் தேங்க வழியிருக்கிறது. இது ஸ்குவிட் நிரலின் கணக்கில் தெரியாது என்பதால்தான் பலர் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் மேலே எழுதிய பாதி வீணாகிவிடும். உங்கள் பயனர்கள் இறக்கும் கோப்பு, குறியாக்கம் செய்த ஹெச்டிடிபிஎஸ் வழியாக வருகிறதா? இன்று பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. குறியாக்கத்தை இடையில் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு செய்திராவிட்டால், ஸ்குவிட் அங்கே வெறும் சுரங்கப்பாதை. இரு பக்கமும் பைட்டுகளைத் தள்ளிவிடும், எதையும் கேஷ் செய்யாது, மேலே சொன்ன அளவு வரம்புகள் ஒன்றும் பொருந்தாது. ஓர் இணைப்புக்குச் சிறிய பஃபர்கள் மட்டும் செலவாகும். ஸ்குவிடின் பதிவேட்டில் அந்தப் பதிவிறக்கத்துக்கான வரியில் ‘டிசிபி டனல்’ என்று இருந்தால் இதுதான் நிலை.

ஸ்குவிட், எஞ்சின்எக்ஸ், வார்னிஷ் நடத்தை பற்றிச் சொன்னவை உறுதியானவை. எண்கள் இயல்பான அமைப்புகளுக்கானவை, உங்கள் அமைப்புக் கோப்பில் மாற்றியிருந்தால் மாறும். உங்கள் சர்வரில் நினைவகம் குறைவதற்குக் கெர்னலின் பிரதிதான் காரணம் என்பது மட்டும் என் ஊகம், உங்கள் இயந்திரத்தைப் பார்க்காமல் சொல்வது. அதைச் சோதிப்பது எளிது. பெரிய பதிவிறக்கம் ஒன்று ஓடும்போது ‘ஃப்ரீ’ கட்டளையின் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஸ்குவிட் நிரல் பிடித்திருக்கும் நினைவகத்தின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரலின் அளவு நிலையாக இருந்து காலி மட்டும் குறைந்தால் என் ஊகம் சரி. நிரலே ஜிகாபைட் கணக்கில் வளர்ந்தால் ஊகம் தவறு. அப்படியானால் முதலில் 512 கிலோபைட் வரம்பையும் ரீட் அஹெட் அமைப்பையும் யாராவது தொட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்வாப் பகுதி (நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பத் தொடங்கியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், உடனே கேஷ் மெம்மை 1 ஜிகாபைட்டாகக் குறையுங்கள். ஸ்வாப்புக்குள் போன ப்ராக்சி, ப்ராக்சியே இல்லாததைவிட மோசம். எதுவும் பிடிபடாவிட்டால் அந்த இரண்டு எண்களையும், கேஷ் மேலாளரின் நினைவகப் பக்கத்தில் முதல் இருபது வரிகளையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.